பாகவதர் இறங்காத அரைக் கட்டை

இந்த ஆய்வில் வருகிற மனிதருக்குப் பெயர் இல்லை. "எழுதிறதெண்டா எழுதும் தம்பி. பேரை மட்டும் போடாதையும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே மாஸ்டர் என்றே வைத்துக்கொள்கிறேன். வயலின் படிப்பித்த எவரையும் யாழ்ப்பாணத்தில் அப்படித்தானே கூப்பிடுகிறோம். மருதனார்மடத்துப் பக்கம் அவருடைய விறாந்தையில் பாயில் இருந்து நானும் படித்தேன். மூன்றாம் தரச் சோதனையோடு விட்டுவிட்டேன். வில்லைவிட ஸ்குரூ டிரைவர் என் கைக்குச் சரிவந்தது.

விஷயம் இதுதான். 1944 இல் வந்த, எம். கே. தியாகராஜ பாகவதர் பாடிய ஒரு சினிமாப் பாட்டின் சுருதியைப் பற்றி 1992 இல் மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். அதைக் கட்டுரையாக எழுதினார், அச்சிலும் வந்தது. அந்த முடிவு பிழை. எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிக்க இருபது வருஷத்துக்கு மேல் போனது. கண்டுபிடித்த வழி பழைய பாட்டுகளை ஆராய்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

ஆள்

மாஸ்டர் பிறந்தது 1952. தகப்பனார் இசைநாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். வடபகுதியில் இசைநாடகம் என்றால் காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவும் அவருடைய அரிச்சந்திர மயான காண்டமும்தான் முதலில் நினைவுக்கு வரும். தகப்பனார் இருந்தது அவ்வளவு பெரிய சபையில் இல்லை, ஊர்க் கோயில்களில் விடிய விடிய ஆடுகிற சின்னச் சபைகளில். அந்த ஆர்மோனியம் இன்னும் மாஸ்டர் வீட்டில் இருக்கிறது. துருத்தியில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது, சுருதி மட்டும் அசையவில்லை. இந்தக் கதையில் அந்த ஆர்மோனியத்துக்கு வேலை உண்டு.

நாடகக்காரர்களின் சுருதியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டை என்பது ஆர்மோனியத்தின் கட்டைகளை வைத்துச் சுருதிக்குச் சொல்கிற அளவு. மைக் இல்லாத காலத்து மேடைப் பாட்டுக்காரர்கள் உயர்ந்த கட்டையில் பாடியது பெருமைக்காக அல்ல. கடைசி வரிசையில் நிலத்தில் குந்தியிருப்பவனுக்கும் கேட்க வேண்டும், அதுதான் காரணம். எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் எல்லோரும் அப்படி வந்தவர்கள். அவர்கள் இருவரும் முதலில் சந்தித்ததே கொழும்பு நாடக மேடையில்தான். தமிழ்நாட்டு நாடகக் கோஷ்டிகளுக்கு இலங்கை அவ்வளவு பழகிய இடம். எம். கே. தியாகராஜ பாகவதரும் நாடகத்தில் இருந்துதான் 1934 இல் பவளக்கொடி மூலம் சினிமாவுக்கு வந்தார், மேடைச் சுருதியையும் கூடவே கொண்டுவந்தார். பிறகு மைக் நெருங்கி வர வர, சினிமாப் பாட்டின் சுருதி இறங்கியது. இது பொதுவாக உண்மை. மாஸ்டரின் பிழைக்கு இந்த உண்மைதான் துணைபோனது.

மாஸ்டர் ஆராய்ச்சிக்காக ஆராய்ச்சி தொடங்கியவர் அல்ல. எழுபதுகளில் ஒரு கோஷ்டியில் வயலின் வாசித்தார். கோஷ்டி என்றால் எங்கள் ஊரில் சினிமாப் பாட்டு வாசிக்கிற இசைக்குழு. கோயில் திருவிழா முடிகிற இரவுகளில் இரண்டு கோஷ்டியை எதிரெதிரே போட்டி போட விடுவார்கள். புதுப் பாட்டு எடுக்காத கோஷ்டிக்கு அடுத்த வருஷம் அழைப்பு இல்லை. இசைக் குறிப்பு எங்கே வாங்குவது? றேடியோவில் பாட்டுப் போகிறபோது பிடித்தால்தான் உண்டு.

"முதல் மியூசிக்கை நான் எடுப்பன், ரெண்டாவதைக் கிளாரினெற்காரர் எடுப்பார். பல்லவியைப் பற்றிக் கவலையில்லை, அது சனத்துக்கே பாடம்" என்றார். மியூசிக் என்று அவர் சொல்வது பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் வருகிற இடையிசை. பாட்டு ஒருமுறைதான் போகும், திரும்பப் போட்டுக் கேட்க வழியில்லை. அந்த மூன்றரை நிமிஷத்துக்குள் ஸ்வரத்தைப் பென்சிலால் கிறுக்கிவிட வேண்டும்.

அந்த றேடியோவைப் பற்றி எழுதாமல் போகமுடியாது. 1952 இல் இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது, கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த இலங்கை வானொலிக்கு நேயர்கள் குவிந்தார்கள். தமிழிலும் அப்படித்தான். 1967 இல் அது கூட்டுத்தாபனம் ஆன பிறகும் பழக்கம் மாறவில்லை. படம், பாடியவர், இசை, பாட்டு எழுதியவர் என்று அறிவிப்பாளர் சொல்லிக்கொண்டு போவார். மாஸ்டரின் முதல் சீ.ஆர். கொப்பி (தடித்த நோட்டுப் புத்தகம்) நிறைய அந்த விவரம்தான். மையில் எழுதியது அறிவிப்பாளர் சொன்னது, பென்சிலில் இருப்பது தன் காதில் விழுந்தது. இரண்டையும் கலக்கக் கூடாது என்று இருபது வயதுப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. பல்கலைக்கழகத்தில் படித்த பலருக்கும் இன்றுவரை அது வரவில்லை.

இன்னொரு சேகரிப்பு பாட்டுப் புத்தகங்கள். வின்ஸர், வெலிங்டன், ராஜா, மனோகரா என்று யாழ்ப்பாணத் தியேட்டர்களின் வாசலில் சில சதங்களுக்கு விற்ற மெல்லிய புத்தகங்கள். கதைச் சுருக்கத்தை ஒரு திருப்பத்தில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிப்பார்கள். பாடல் வரிகள் முழுதாக இருக்கும். வாத்தியம் வாசித்தவர் பெயர் தேடினால் கிடைக்காது. டி. கே. ராமமூர்த்தி என்ற வயலின்காரர் எம். எஸ். விஸ்வநாதனோடு சேர்ந்து 1952 இல் இருந்து 1965 வரை இசையமைத்ததால் அவர் பெயர் நமக்குத் தெரியும். அவருக்குப் பக்கத்தில் இருந்து வாசித்த மற்ற வயலின்காரர்கள் யார்? மாஸ்டருக்கு இந்தக் கேள்வி கடைசிவரை தீரவில்லை. "நானும் பக்கத்திலை இருந்து வாசிச்சவன்தானே" என்பார்.

1992

1990 ஜூனில் போர் திரும்பவும் தொடங்கியபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடை செய்யப்பட்ட சாமான்களில் ஒன்று. மண்ணெண்ணெய் விலை ஏறியதால் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்ச எண்ணெயில் விளக்கு எரித்தோம். அந்தக் காலத்தில் பாட்டுக் கேட்ட விதம் யாழ்ப்பாணத்தாருக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லில் முட்டவைத்து, பெடலைக் கையால் சுற்றுவது. லைற்றுக்கு வருகிற 6 வோல்ட் மின்சாரம் ஆடலோட்டம் (ஏ.சி.). அது கசெற் ரெக்கோடருக்கு நேராக ஆகாது. றேடியோ திருத்துகிற ஒருவர் நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் பொருத்திக் கொடுப்பார். அதன்பிறகு பாட்டு வரும். சுற்றுகிறவன் இருக்கும்வரை வரும்.

மாஸ்டர் வீட்டில் சுற்றியவர்கள் பக்கத்து வளவுப் பெடியன்களும் அவருடைய தமக்கையின் மகனும். மருமகனுக்கு அப்போது 14 வயது.

கோஷ்டி கலைந்து, கோயில் கச்சேரிகளும் அருகிவிட்ட காலம். கையில் நேரம் இருந்தது. எண்பதுகளில் ரெக்கோடிங் பாரில், அதாவது தட்டில் இருந்து கசெற்றுக்குப் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடையில், பதிந்து வைத்த கசெற்றுகளை எடுத்து ஒழுங்காக ஆராயத் தொடங்கினார். எந்தப் பாட்டு எந்த ராகம் என்று பட்டியல் போடுகிறவர்கள் எத்தனையோ பேர். மாஸ்டருக்கு அதில் ஆர்வம் இல்லை. ஒரு ராகம் ஒரு இசையமைப்பாளரின் கையில் வருஷத்துக்கு வருஷம் என்னவாகிறது என்பதுதான் அவருக்கு வேண்டியது. எடுத்துக்கொண்டது சாருகேசி. கீழே பஞ்சமம் வரை சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், மேலே தோடியின் தைவதமும் நிஷாதமும். பாதி வெளிச்சம், பாதி இருட்டு. 1944 இல் ஹரிதாஸ், பாபநாசம் சிவனும் இசையமைப்பாளர் ஜி. ராமநாதனும் சேர்ந்தது, பாகவதர் பாடிய 'மன்மத லீலையை'. 1956 இல் மதுரை வீரனில் எம். எல். வசந்தகுமாரியின் 'ஆடல் காணீரோ'. 1958 இல் சாரங்கதாராவில் டி. எம். சௌந்தரராஜனின் 'வசந்த முல்லை போலே'. மூன்றிலும் ஜி. ராமநாதன் இருக்கிறார். பிறகு 1963 இல் கே. வி. மகாதேவன் கையில் குங்குமம் படத்துக்கு 'தூங்காத கண்ணென்று ஒன்று'.

ஒவ்வொரு பாட்டுக்கும் கொப்பியில் ஒரே மாதிரிப் பத்திகள்: சுருதி, காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்), சஞ்சாரம் (ராகம் போகிற வழி), மியூசிக். சுருதி பார்ப்பது தகப்பனாரின் ஆர்மோனியத்தில். பாட்டு முடிகிற இடத்தில், கடைசிச் சட்ஜம் (ஸ) காதில் நிற்கும்போதே கட்டையைத் தேடிப் பிடிப்பார்.

பாகவதர் பாட்டின் சுருதி, தான் எதிர்பார்த்ததிலும் அரைக் கட்டை கீழே நின்றதை அன்று கண்டார். இன்னொரு பாட்டில், இன்னொரு பாடகரில் என்றால் விட்டிருப்பார். இங்கே ஒரு கதை காத்திருந்தது. ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். அதே வருஷ இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார், 1947 இல்தான் வெளியே வந்தார். சிறைதான் குரலைக் கெடுத்தது என்று சனம் கதைக்கும். மாஸ்டர் எழுதியது அதற்கு மாற்று: சிறைக்கு முன்பே, புகழின் உச்சியிலேயே பாகவதர் சுருதியை இறக்கத் தொடங்கிவிட்டார், அது தளர்ச்சி அல்ல, மைக்கைப் புரிந்துகொண்ட ஒரு நாடகக்காரரின் முடிவு.

அதோடு நிற்கவில்லை. சரணத்தில் பாட்டு சற்று மெதுவாகப் போவதையும் கவனித்திருக்கிறார். 'அவசரமில்லாத நடை, வார்த்தைக்கு இடம் விட்டுப் பாடும் நிதானம்' என்று கொப்பியில் இருக்கிறது. கட்டுரையில் இதற்கு ஒரு முழுப் பந்தி.

வாசித்துப் பார்த்தேன். நல்ல கட்டுரை. அதுதான் கஷ்டமே.

ஒரு கோயில் திருவிழா மலரில் அது வெளிவந்தது. கடுதாசித் தட்டுப்பாட்டில் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சடித்த மலர்.

வெள்ளவத்தை

1995 ஒக்டோபர் 30 பற்றி அவர் அதிகம் கதைப்பதில்லை. யாழ்ப்பாண நகரும் சுற்றுப்புறமுமான வலிகாமத்துச் சனம் முழுக்கப் போருக்குப் பயந்து ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது கொப்பிகள் ஏழையும் வயலின் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, வயலினைச் சீலையில் சுற்றிக் கையில் எடுத்திருக்கிறார். கசெற்றுகளைப் பிஸ்கற் ரின்களில் போட்டுக் கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போனார். 1996 இல் திரும்பியபோது ரின்கள் இருந்தன. இரண்டு ரின்னுக்குள் தண்ணீர் போயிருந்தது. ஆர்மோனியம் வைத்த இடத்திலேயே இருந்தது. வீட்டுக் கூரைதான் இல்லை.

போரால் மூடிக்கிடந்த, யாழ்ப்பாணத்தில் இருந்து தெற்கே போகிற ஏ-9 பாதை 2002 இல் திறந்தது. அடுத்த வருஷம் ஒரு கலியாணத்துக்குக் கொழும்பு போனவர் வெள்ளவத்தையில் ஒரு பழைய ரெக்கோட் சேகரிப்பாளரைப் பார்க்கப் போனார். அவரிடம் 'மன்மத லீலையை' தட்டாகவே இருந்தது.

அரக்குத் தட்டு. பத்து அங்குலம், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம். சேகரிப்பாளர் ஒழுங்கான மனுஷன். தட்டுக்கு மேலே ஒரு வட்டக் கடுதாசியை வைத்தார், சுற்றிவரக் கறுப்புக் கோடுகள். மின்விளக்கு வெளிச்சத்தில் தட்டுச் சுழலும்போது அந்தக் கோடுகள் ஓடாமல் நின்றதுபோல் தெரிந்தால் வேகம் சரி. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதில் விளக்கு விநாடிக்கு 100 தரம் சிமிட்டும். வட்டத்தில் 77 கோடு இருந்தால், அவை நிற்கிற வேகம் நிமிஷத்துக்கு 77.92 சுற்று. 78 என்று நாம் சொல்வதன் உள்கணக்கு இது. வேகம் அரைச் சதவீதம் பிசகினாலும் கோடுகள் மெல்ல நகர்வது கண்ணுக்குத் தெரியும்.

கோடுகள் நின்றன. ஊசியை வைத்தார். பாகவதர் பாடினார், மாஸ்டர் கொப்பியில் எழுதியதற்கு அரைக் கட்டை மேலே.

"எனக்கு அவற்றை கதிரையிலை இருக்கேலாமல் போச்சு" என்றார் மாஸ்டர். "தேத்தண்ணி குடிக்காமலே வெளிக்கிட்டிட்டன்."

ஊருக்கு வந்து யோசித்திருக்கிறார். மூன்று இடத்தில் பிழை இருக்கலாம். வெள்ளவத்தைத் தட்டு வேறு பதிவாக இருக்கலாம். அக்காலத்தில் படத்துக்கு ஒருமுறையும் ரெக்கோட்டுக்கு இன்னொருமுறையும் தனித்தனியாகப் பாடிப் பதிவதுண்டு. அல்லது ரெக்கோடிங் பார்க்காரரின் மெஷின் பிசகியிருக்கலாம். அல்லது சைக்கிள். மனிதன் தன் வீட்டுச் சைக்கிளை கடைசியாகத்தான் சந்தேகிப்பான்.

இங்கே கட்டைக் கணக்கில் ஒரு பொறி இருப்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் வழுக்கியிருக்கிறார்கள். ஒன்றில் இருந்து இரண்டுக்கும் இரண்டில் இருந்து மூன்றுக்கும் போவது முழுக் கட்டை, நடுவில் ஒன்றரையும் இரண்டரையும் உண்டு. மூன்றில் இருந்து நாலுக்குப் போவது பெயரில்தான் ஒரு கட்டை, காதில் அரைதான். ஆர்மோனியத்தில் அந்த இரண்டு வெள்ளைக் கட்டைகளுக்கு இடையில் கறுப்பு இல்லை. பழைய குறிப்புகளில் 'ஒரு கட்டை இறக்கினார்' என்று எங்கேயாவது கண்டால், எதில் இருந்து எதற்கு என்று கேட்காமல் நம்பக்கூடாது.

ஹம்

நான் வருவது இந்த இடத்தில். 2014. எனக்குக் கொம்பியூட்டர் திருத்துகிற கடை. கசெற்றுகளைக் கொம்பியூட்டரில் ஏற்றித் தரமுடியுமா என்று மாஸ்டர் கேட்டார். தண்ணீர் போன கசெற்றுகளில் சில ஒட்டிப்போய் இருந்தன, சிலவற்றில் வெள்ளைப் பூஞ்சணம். சுருளைக் கையால் மெல்லச் சுற்றி, காயவிட்டு, வேறு கூட்டுக்குள் மாற்றி ஒன்றொன்றாக ஏற்றினேன். பாகவதர் கசெற் தண்ணீர் போகாத ரின்னில் இருந்தது, தப்பிவிட்டது.

பாட்டுத் தொடங்குவதற்கு முன்னால் சில விநாடி வெற்று நாடா. ரெக்கோடிங் பார்க்காரர் பட்டனை அமத்திவிட்டு ஊசி வைக்கும் வரைக்குமான இடைவெளி. அதில் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல். நான் அதை வெட்டி எறியப்போனேன். சுத்தமாக இருக்கட்டும் என்ற எண்ணம்.

"நில்லும். உதைத் திரும்பப் போடும்."

போட்டேன்.

"என்ன சத்தம் உது?"

"கரண்ட் இரைச்சல் மாஸ்டர். அம்பிளிபயரிலை இருந்து வாறது. ஹம் எண்டு சொல்லுவம்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு எழும்பிப்போய் ஆர்மோனியத்தைத் தூக்கிவந்து, துருத்தியை விரலால் மெல்லத் தட்டி ஒரு கட்டையை அமத்தினார். "அஞ்சு கட்டை. இல்லை, அஞ்சுக்குக் கொஞ்சம் கூட. எல்லாக் கசெற்றிலையும் இது இருக்குதோ?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஐந்து கட்டைச் சட்ஜத்தைக் கீழே கீழே இறக்கிக்கொண்டு போனால் 49 ஹேர்ட்ஸ் வரும். மின்சாரத்தின் இரைச்சல் 50, அதன் இரட்டிப்பு 100. அவர் சொன்ன 'கொஞ்சம் கூட' என்பது சரியாக அந்த ஒரு ஹேர்ட்ஸ்தான். படித்த நான் அதைச் சத்தம் என்று வெட்டப்போனேன். அவருக்கு அது சுருதி.

அதற்குப் பிறகு வேலை லேசு. பதிந்த மெஷின் எவ்வளவு பிழை, இப்போது போடுகிற மெஷின் எவ்வளவு பிழை என்று தனித்தனியாகத் தெரியத் தேவையில்லை. இரண்டும் சேர்ந்து எவ்வளவு பிழை என்று ஹம் ஒரேயடியாகச் சொல்லிவிடும். ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அந்த வெற்று இடத்தை மட்டும் தெரிவுசெய்து அலைவரிசை வரைபடம் எடுத்தால், 50 இல் நிற்க வேண்டிய முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம். 47 இல் நின்றால் பாட்டு ஏறத்தாழ அரைக் கட்டை இறங்கியிருக்கிறது. முழு நாடாவின் வேகத்தையும் 47 ஐ 50 ஆக்குகிற விகிதத்தில் கூட்டினால் சரி. சுருதியை மட்டும் ஏற்றக் கூடாது, வேகத்தையே கூட்ட வேண்டும். அப்போதுதான் காலப்பிரமாணமும் கூடவே திருந்தும்.

ஒரு எல்லையும் உண்டு. ஹம் கசெற்றைப் பற்றித்தான் பேசும். ரெக்கோடிங் பாரில் தட்டு எந்த வேகத்தில் சுழன்றது என்று அதற்குத் தெரியாது. அதற்குத்தான் வெள்ளவத்தைக் கோடுகள். இரண்டிலும் சாட்சி ஒன்றே, 50 ஹேர்ட்ஸ் மின்சாரம்.

பாகவதர் கசெற்றின் ஹம் 50 இல் நின்றது. சுருதியும் வெள்ளவத்தையில் கேட்டதோடு ஒத்துப்போனது. ரெக்கோடிங் பார்க்காரரில் பிழை இல்லை, தட்டிலும் இல்லை. மிஞ்சியது சைக்கிள்.

கசெற் மோட்டரின் வேகக் கட்டுப்பாடு ஓர் அளவுக்குத்தான் தாங்கும். பெடல் சுற்றுகிற கை தளர்ந்து மின்னழுத்தம் அதற்குக் கீழே போனால் நாடாவும் தளரும். சட்டென்று தளர்ந்தால் எவருக்கும் தெரியும். மெல்ல மெல்ல இறங்கினால் காது அதன் பின்னாலேயே போய்விடும், எவ்வளவு தேர்ந்த காதானாலும். மாஸ்டர் சட்ஜம் பிடித்தது கடைசியில். கை நன்றாகக் களைத்திருக்கிற இடம் அதுதானே. பாகவதரின் நிதானம் என்று ஒரு பந்தி எழுதினாரே, அது 14 வயதுப் பெடியன் ஒருவனின் கை.

இதை நான் சொன்னபோது மாஸ்டர் சிரிக்கவில்லை. கொப்பியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே, ஓரத்தில், ஒரு எழுத்து. சுற்றியவனின் முதலெழுத்து. அடுத்த நாள் அவனுக்கு ஒரு துண்டு பனங்கட்டி கொடுக்க வேண்டும், அந்தக் கணக்குக்காக எழுதி வைத்தது.

திருத்தம்

அந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏழு கொப்பியையும் திரும்பப் பார்த்தோம். கசெற் மிஞ்சியிருந்த பாட்டுகளில் சுருதியை மறுபடி அளந்து, 1992 குறிப்போடு பக்கத்தில் வைத்தால் ஆளுக்கு ஆள் ஒரு வழக்கம் தெரிந்தது. ஒருவன் சுற்றியவை எல்லாம் சரியாக நின்றன, அவன் பிறகு மேசன் வேலைக்குப் போனானாம். மருமகன் சுற்றியவை பெரும்பாலும் சரி, சிலதில் மட்டும் இறக்கம். கசெற் அழிந்துபோன பாட்டுகளுக்கு இந்த வழக்கத்தை வைத்து ஊகிக்கலாமா என்று கேட்டேன். மறுத்துவிட்டார். அந்தப் பத்தியில் 'அளக்கவில்லை' என்று எழுதினார். நான் ஊகித்திருப்பேன். அவர் செய்ததுதான் சரி என்று இப்போது படுகிறது.

இன்னொரு பொறியிலும் அந்த வருஷம் தற்செயலாக விழாமல் தப்பினோம். சந்தேகம் வந்த பாட்டைப் பழைய வீடியோப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்ப்போமே என்று ஒன்றிரண்டைப் போட்டேன். எல்லாம் தட்டைவிட மேலே நின்றன. படம் ஓடுவது விநாடிக்கு 24 சட்டகம். எங்கள் பக்கத்துத் தொலைக்காட்சி முறைக்கு ஏற்றும்போது அதை 25 ஆக ஓட்டிவிடுவது வழக்கம். நாலு சதவீத வேகம் கூடினால், அரைக் கட்டையில் முக்கால்வாசி ஏறிவிடும். சைக்கிள் இறக்கியது, தொலைக்காட்சி ஏற்றுகிறது. இன்று வலைத்தளங்களில் கேட்டுக் கட்டை சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கிறார்களா என்று எனக்குப் பெரிய சந்தேகம்.

மலரில் திருத்தம் போட வேண்டும் என்று மாஸ்டர் கேட்டுப் போனார். பொறுப்பில் இருந்தவர்கள் மாறிவிட்டார்கள். "உதையெல்லாம் இப்ப ஆர் வாசிக்கப்போகினம், விடுங்கோ" என்று மரியாதையாகவே அனுப்பிவிட்டார்கள். சரி என்று வந்துவிட்டார். பிறகு ஒரு நாள் என் கடைக்கு வந்து நாலு வரி ரைப் பண்ணி, ஒரு தாளில் பத்துத் துண்டு வருமாறு அச்சடித்துத் தரச் சொன்னார். மலர் யார் யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரித்து, சைக்கிளில் போய், அந்தப் பக்கத்தைத் திறந்து பசை பூசி ஒட்டிவிட்டு வந்தார். ஒரு வீட்டில் மலரைக் கறையான் தின்றுவிட்டதாம். அந்தத் துண்டைத் திருப்பிக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். கடையில் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. 'பாகவதர் அவர்கள் சுருதி இறக்கியதாக நான் எழுதியது பிழை. நான் கேட்ட இயந்திரம் தளர்ந்திருந்தது.'

மருமகன்

மருமகன் இப்போது ரொறன்ரோவில். 2019 நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தார். மாஸ்டர் வீட்டு விறாந்தையில் மூவரும் இருந்தோம். நான் இந்த ஆய்வைச் சொல்லி, கொப்பியின் ஓரத்தில் இருந்த அவருடைய எழுத்தைக் காட்டினேன். தன் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்று போனில் படம் எடுத்துக்கொண்டார். பக்கத்தில் 'களைப்பு' என்று 2014 இல் மாஸ்டர் சிவப்பு மையில் எழுதியிருந்ததை அப்புறம்தான் கண்டார்.

"மாமா, அண்டைக்கு நான் களைக்கேல்லை."

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"பலாலிப் பக்கம் ஷெல் குத்தின சத்தம் கேட்டது. நிப்பாட்டிப்போட்டு பங்கருக்கை ஓடுவமோ எண்டு யோசிச்சுக்கொண்டு சுத்தினனான். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தனீங்கள். குழப்பக்கூடாது எண்டு சொல்லேல்லை."

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியை மடியில் வைத்தார். பேனையைத் திறந்தார்.

"எந்த இடத்திலையடா கேட்டது? பல்லவியிலையோ, சரணத்திலையோ?"

"சரணம் துவங்கேக்கை."

'களைப்பு' என்பதை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் 'ஷெல், சரணம் தொடக்கம்' என்று எழுதினார். எழுதிவிட்டு மை காயட்டும் என்று ஊதினார்.